தொட்டிக்குப் பக்கத்தில் வைத்த பேணி

அமலன், நீ மேடையில் சொன்ன பேணிக் கதை உன்னுடையது இல்லை. அது என்னுடையது. நீ அதைக் களவெடுத்தாய்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் மொன்றியலில் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நாங்கள் செய்தது இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் ஒரு விண்வெளி விளையாட்டு. ஆளுக்கொரு கப்பல். கல்லுடைத்துக் காசு சேர்க்கலாம், சரக்கு ஏற்றி இறக்கலாம், கூட்டணி சேர்ந்து சண்டை பிடிக்கலாம். அதில் என்னுடைய வேலை சமநிலை பார்ப்பது. எந்தப் பீரங்கி எவ்வளவு சேதம் செய்ய வேண்டும், எந்தக் கப்பல் எவ்வளவு வேகம் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பீரங்கியில் போட்டுச் சுடுகிற ஒரு ரவை என்ன விலை விற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. கலியாண வீடுகளில் சனம் கேட்கும்: "விளையாடுறதுக்கோ உங்களுக்குச் சம்பளம்?" ஓம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். விளங்கப்படுத்தப் போனால் சோறு ஆறிவிடும்.

அமலன் என்னோடு வேலை செய்தவன். மன்னார்ப் பக்கம். என்னைவிட வயதில் குறைந்தவன், என்னை "நேசண்ணை" என்று கூப்பிடுவான். நான் ஓய்வு பெறும்போது அவன் எங்கள் பகுதிக்கே பொறுப்பாளர். என் பிரியாவிடையில் பேசும்போது "நேசண்ணைதான் எங்கட அத்திவாரம்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். அத்திவாரம் மண்ணுக்குள் கிடப்பது என்று நான் அப்போதே நினைத்தேன்.

அண்மையில் விளையாட்டுச் செய்பவர்களின் மாநாடு ஒன்றில் அவன் பேசியிருக்கிறான். அந்த வீடியோவை எனக்கு அனுப்பியது என் மகள் யாழினி. குடும்பக் குழுவில் போட்டுவிட்டுப் பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: "அமலன் அங்கிள் வந்த புதிதில் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா, உங்களுக்கு இது தெரியுமா?"

நான் பார்த்தேன். அகதியாக வந்த முதல் கோடையில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி அறையில் இருந்துகொண்டு, பூங்காவில் குடித்துவிட்டுப் போட்ட வெறும் பியர்ப் பேணிகளை, அந்தத் தகர டப்பாக்களை, பொறுக்கிக் கடையில் கொடுத்துத்தான் வாழ்ந்தானாம். அந்த அனுபவத்திலிருந்துதான் எங்கள் விளையாட்டின் கோது விதி, சுட்ட ரவையின் வெற்று உறையைப் பற்றிய விதி, பிறந்ததாம். உலகமெங்கும் உள்ள விளையாட்டுக்காரர்கள் மெச்சுகிற விதி அது. பேசும்போது ஓரிடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்தான். சபை எழும்பி நின்றது.

என் மனைவி கௌரி பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"இது நீங்களெல்லோ?" என்றாள்.

"ஓம்."

"அப்ப அவளிட்டச் சொல்லுங்கோவன்."

"இப்ப சொன்னா, அமலன் அங்கிளைப் பார்த்திட்டு அப்பாவும் எடுத்துவிடுறார் எண்டு நினைப்பாள்."

"முந்திச் சொல்லியிருக்கலாம்."

"அவள் சின்னப்பிள்ளை."

"அவளுக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு," என்றாள் கௌரி. பிறகு வீடியோவை நிறுத்திவிட்டு, "உங்களுக்குப் பொறாமை" என்றாள்.

ஓம், பொறாமைதான். அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. அவனுடைய பிரெஞ்சில் எனக்குப் பொறாமை. அவன் குரலில் பொறாமை. நான் ஓய்வு பெற்ற பிறகு என் யன்னலோர மேசையை அவன் எடுத்துக்கொண்டதில் பொறாமை. ஆனால் இவை எல்லாம் என்னோடு கிடக்கும், ஒருவரையும் கடிக்காது. என் மகள் இன்னொருவனுக்காக அழுதாள் பாருங்கள், அந்தப் பொறாமை வேறு. அந்த அழுகை எனக்கு வரவேண்டியது.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளம் இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவினேன், துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினேன், இரவுப் பள்ளியில் கணினி படித்தேன். விளையாட்டைச் சோதித்துப் பிழை பிடிக்கும் வேலைக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். மற்றவர்கள் பிழை எங்கே என்று எழுதினார்கள். நான் இந்தக் கப்பல் ஏன் எப்போதும் வெல்கிறது என்றும் சேர்த்து எழுதினேன். அதை ஜினேத் வாசித்தார்.

ஜினேத் எங்கள் மேலாளர். இந்தக் கெபெக் மாகாணத்துக்காரி, உயரமான பெண். முன்பு துறைமுகத்தில் எந்தக் கொள்கலனை எதற்கு மேல் அடுக்குவது என்று திட்டம் போட்டவர். கீழே இருக்கும் பெட்டிதான் முதலில் தேவைப்படும் என்பதே தான் அங்கே படித்த ஒரே பாடம் என்பார். எங்கள் விளையாட்டுக்கும் அதையேதான் கொண்டுவந்தார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்த மாற்றமும் வெளியே போகுமுன் புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் சோதிக்கப்படும். மாற்றத்தைக் கொண்டுவந்தவன் தோற்கிற பக்கத்தில் இருக்க வேண்டும். மிக மலிவான கப்பல், பாதி ரவை. எதிரே மற்ற எல்லாரும் பெரிய கப்பல்களில். அவன் எல்லாம் இழக்கும்வரை விளையாட வேண்டும். வெல்கிறவனின் கதிரையில் இருந்துகொண்டு சமநிலை பார்க்க முடியாது என்பது அவர் கொள்கை. தோற்று முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கி ப்ளேர்?" பிரெஞ்சில், யார் அழப்போகிறார்கள் என்று அர்த்தம். அதற்கு எண்ணில் பதில் சொல்லக் கூடாது. சேதம் இவ்வளவு குறையும், விலை இவ்வளவு கூடும் என்று தொடங்கினால், அவர் பையில் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்குவார். ஆரஞ்சு வகையில் சின்னப் பழம், தோல் இலகுவாகக் கழலும். பழம் முடிந்தால் கூட்டம் முடிந்தது. இன்ன மாதிரியான ஆள், இன்ன இடத்தில், இதற்காக அழுவான் என்று சொன்னால்தான் அவர் பழத்தைக் கீழே வைப்பார்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பாராட்டியதும் இல்லை. நான் அவருக்கு முன்னால் எத்தனை பழத்தின் தோலைப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இனி ரவைப் பிரச்சினை. இதுதான் நான் சந்தித்ததில் கடினமானது.

ரவைக்கு விலை இல்லாவிட்டால் எல்லாரும் விசையை அமத்திப் பிடித்தபடியே இருப்பார்கள். குறி பார்க்க ஒருவரும் மினக்கெட மாட்டார்கள். விலை கூடினால் ஒருவரும் சுட மாட்டார்கள். எல்லாரும் விண்வெளி நிலையத்துக்குள் ஒளிந்திருந்து ஒருவரை ஒருவர் பேசித் தீர்ப்பார்கள். நடுவில் ஒரு விலை இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இல்லை. ஏனென்றால் ஒரே விலை ஆளுக்கு ஆள் வேறு. பெரிய கூட்டணிக்காரன் ஒரு தடவை ஏவுகிற ஏவுகணைகளுக்கு, புதிதாக வந்தவன் ஒரு மாலை முழுக்கக் கல்லுடைக்க வேண்டும். பணக்காரனுக்கு உறைக்கட்டும் என்று விலையைக் கூட்டினால் ஏழை செத்தான். ஏழைக்கு விலையில் கழிவு கொடுத்தால், பணக்காரன் தானே ஏழை வேஷத்தில் பத்துக் கணக்குத் திறந்து கழிவு விலைக்கு வாங்கிக் குவித்தான்.

அலுவலகத்தில் சிலர் என்னையும் அமலனையும் பார்த்து, நீங்கள் போர் நடந்த நாட்டில் இருந்து வந்தவர்கள், உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமே என்பார்கள். அமலன் சிரித்துக்கொண்டு ஏதாவது சொல்வான். அவனுக்கு அது பிடிக்கும். எனக்குக் கோபம் வரும். ஜினேத் மட்டும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை என் புதிய விலைப் பட்டியலோடு போய், வழக்கம்போலத் தோற்று, வழக்கம்போல எண்ணில் பதில் சொல்லி, பழம் உரிபட்டு முடிந்தது. மற்றவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். ஜினேத்தும் அமலனும் நானும் மிஞ்சினோம். அமலன் என் சாப்பாட்டுப் பெட்டியில் கௌரி தந்துவிட்ட இடியப்பத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். என் வாயில் ஏன் அது வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் சொன்னேன்: "ஒருத்தன் வீணாக்கிறதிலதான் இன்னொருத்தன் வாழுவான். நான் அப்படித்தான் வாழ்ந்தனான்."

அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லாத கதை. கௌரியிடம்கூட அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன்.

வந்த முதல் கோடையில் எனக்கு வேலை செய்ய அனுமதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாரிப் பூங்காவில் சனம் கூடியிருந்து இறைச்சி வாட்டிக் குடிக்கும். இந்த ஊரில் பேணியில் பியர் வாங்கினால் பேணிக்கும் ஒரு சில்லறையைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். வெறும் பேணியைத் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்தச் சில்லறை கிடைக்கும். குடிக்கிறவனுக்கு அது காசே இல்லை. நான் ஒரு கறுத்த பையோடு போவேன். குடித்துக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவன் பேணியைக் கீழே வைக்கும்வரை வேறெங்கோ பார்க்க வேண்டும். இது பொறுக்குகிற எல்லாருக்கும் தெரிந்த மரியாதை. தெருமுனைக் கடையில், இங்கே டெப்பனர் என்போம், கடைக்காரன் என்னை ஓரத்தில் நிற்கச் சொல்வான். பால் வாங்க வந்தவர், சிகரெட் வாங்க வந்தவர், லொத்தர்ச் சீட்டு வாங்க வந்தவர் எல்லாம் போன பிறகுதான் என் பையைத் திறக்கலாம். திறந்ததும் ஒவ்வொரு பேணியாகத் தூக்கிப் பார்ப்பான். நசுங்கினதைக் கழித்துத் திருப்பி என் பக்கம் தள்ளிவிடுவான். சில ஆட்கள், நல்ல ஆட்கள், பேணியைக் குப்பைத் தொட்டிக்குள் போட மாட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் நிமிர்த்தி வைப்பார்கள். நாங்கள் குப்பைக்குள் கை விடக் கூடாது என்பதற்காக.

சொல்லி முடித்ததும் ஜினேத் என்னைப் பார்த்தார். "அப்போது யார் அழுதது, நேசன்?" என்று கேட்கவில்லை. "அதை விளையாட்டுக்குள் வை" என்றார்.

வைத்தேன். சுடுகிற ஒவ்வொரு ரவைக்கும் ஒரு வெறுங்கோது விண்வெளியில் மிதக்கும். யார் வேண்டுமானாலும் அதை அள்ளி நிலையத்தில் கொடுத்து ரவை விலையில் ஒரு பங்கைப் பெறலாம். சேதப்பட்ட கோது செல்லாது. அந்தக் கடைசி விதியைக் கணினிக்குள் எழுதியவன் அமலன். இதை நினைவில் வைத்திருங்கள்.

முதலில் நன்றாகத்தான் போனது. ஏழைகள் சண்டை நடக்கும் இடங்களுக்கு வந்தார்கள். பிறகு பெரிய கூட்டணிகளுக்கு எரிச்சல் பிடித்தது. எங்கள் ரவையில் இந்தப் பொறுக்கிகள் வாழ்வதோ என்று எழுதினார்கள். அவர்கள் பீரங்கியைக் கழற்றிவிட்டு லேசரைப் பூட்டினார்கள். லேசருக்கு ரவை வேண்டாம், கோதும் இல்லை. கோது அள்ள வந்தவர்களை எதிரியைச் சுடுமுன்னரே சுட்டு எரித்தார்கள். ஏழைகள் ஓடினார்கள். சண்டைக்களம் வெறிச்சோடியது. நான் லேசருக்கும் செலவு வைத்துப் பார்த்தேன். கோதின் பெறுமதியைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். புதன் தவறாமல் தோற்றேன். தோடம்பழம் உரிபட்டது.

ஒருநாள் மெட்ரோவுக்கு நடந்து போகும்போது அமலன் கேட்டான்.

"நேசண்ணை, அண்டைக்குச் சொன்னியள்தானே, சில ஆக்கள் பேணியைத் தொட்டிக்குப் பக்கத்தில வைப்பினம் எண்டு. அவை ஏன் அப்பிடி வைக்கினம்?"

"ஏனெண்டால்? இரக்கம்."

"இரக்கம் சரி. ஆனா அவையே தங்கட கையால வைக்கினமெல்லோ? ஆருக்கு எண்டு தெரிஞ்சு வைக்கினம். எங்கட விளையாட்டில சுடுறவனுக்கு அந்த வேலையைக் குடுக்கேல்லை. நாங்களே அவன்ர மடியில இருந்து பறிச்சு விசுக்கிறம். அவனுக்குக் கோவம் வரும்தானே."

நான் நின்றுவிட்டேன். அவன் சொன்னது சரி. நான் பொறுக்கினவன், எனக்குப் பேணி தெரிந்தது. வைத்தவனின் கை தெரியவில்லை. என் கதையில் நான் கேட்காததை அவன் கேட்டிருந்தான்.

அடுத்த புதன் அவன் தோற்கிற கதிரையில் இருந்தான். புதிய விதி இதுதான்: கோதை அள்ளவிடுவதா, யாருக்கு விடுவது என்பதைச் சுட்டவனே தீர்மானிப்பான். அள்ளுகிறவனுக்கு விட்டவனின் பெயர் தெரியும். அன்று அமலனும் எல்லாம் இழந்தான். ஜினேத் கேட்டார்: "கி ப்ளேர்?"

"லேசர் வச்சிருக்கிற பெரிய முதலாளி," என்றான் அவன். "அவனுக்குப் பின்னால ஒருவரும் வரமாட்டினம். மற்றவனுக்குப் பின்னால ஒரு படையே வரும்."

ஜினேத் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான். கையில் இருந்த தோடம்பழத்தைப் பிய்த்துப் பாதியை அவனிடம் கொடுத்தார். அவன் வாங்கித் தின்றான். எனக்கு அந்த மணம் இப்போதும் பிடிப்பதில்லை.

அவன் சொன்னதுபோலவே நடந்தது. கூட்டணிகள் போட்டி போட்டுக் கோது விட்டன. எந்தக் கூட்டணி தாராளமோ அதற்குப் பின்னால் புது ஆட்கள் போனார்கள். முதலில் அள்ளினார்கள், பிறகு அந்தக் காசில் வாங்கிய ரவையாலேயே கூட்டணிக்காகச் சுட்டார்கள். பணக்காரன் லேசரைக் கழற்றிவிட்டுப் பீரங்கி பூட்டினான். விளையாட்டுப் பிழைத்தது.

ஆகவே கணக்கு இது. பேணி என்னுடையது. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்ததும் என் கதைக்குள் இருந்தது. அதைப் பிடித்து விதியாக்கிய மூளை அமலனுடையது. நான் மறுக்கவில்லை, மறுத்தால் பொய்யன் ஆவேன். அமலன், நீ அதை அப்படியே சொல்லியிருக்கலாம். "என்னோடு வேலை செய்த ஒருவர் பேணி பொறுக்கியவர். அவர் சொன்ன கதையில் அவருக்கே படாத ஒன்று எனக்குப் பட்டது" என்று சொல்லியிருந்தால், கெட்டிக்காரன் நீதான் என்று சபை விளங்கியிருக்கும். அது உனக்குப் போதவில்லை. என் வறுமையும் உனக்கு வேண்டியிருந்தது. நீ வந்தபோது உன் தமையன் விமான நிலையத்தில் காரோடு நின்றவர். வந்த வாரமே அவருடைய களஞ்சியத்தில் உனக்கு வேலை இருந்தது. நீயே எனக்குச் சொன்னாய். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அப்படி ஒரு தமையன் இருந்திருந்தால் நான் பூங்காப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

நான் வெட்கப்பட்டு மூடி வைத்திருந்ததை நீ எடுத்து நெஞ்சில் பதக்கமாகக் குத்திக்கொண்டாய்.

எழுதுவதற்கு முதல் ஜினேத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வீடியோவை அவரும் பார்த்திருந்தார். நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பழைய கேள்வியையே கேட்டார்.

"கி ப்ளேர், நேசன்?"

"நான்தான்," என்றேன்.

"அப்படியென்றால் எழுது. நீ கதை சொன்ன அன்று அந்த மேசையில் நானும் இருந்தேன் என்றும் எழுது."

எழுதிவிட்டேன். இனி நீ.

நீ பேச்சில் ஓரிடத்தில் சொல்கிறாய். பையில் கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பேணியையும் காலால் மிதித்துத் தட்டையாக்கினாயாம். காலைத் தூக்கி மேடையில் மிதித்தும் காட்டினாய். அந்த இடத்தில்தான் சபை சிரித்தது, அதற்குப் பிறகுதான் அழுதது. அமலன், பேணி பொறுக்கியவன் ஒருவனும் பேணியை மிதிக்க மாட்டான். குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு போவான். நசுங்கின பேணியைக் கடைக்காரன் எடுக்க மாட்டான், கடை வாசலில் இருக்கும் இயந்திரமும் துப்பிவிடும். பொறுக்காதவனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேதப்பட்ட கோது செல்லாது என்ற விதியை உன் கையால் எழுதியவன் நீ. அதை ஏன் வைக்கிறோம் என்று உனக்குச் சொன்னவன் நான்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். வீட்டுக்கு வந்து, அண்ணை விடுங்கோ என்று சொல்லவும் வேண்டாம். கௌரி இடியப்பம் அவிக்க மாட்டாள். எனக்கு ஒரு பதில் வேண்டும். நீ மிதித்த பேணிகளை எடுத்த கடை எது? எந்தத் தெரு? அந்தக் கடைக்காரன் உன்னை எங்கே நிற்கச் சொன்னான்? அந்த வீடியோவுக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், உன் பெயரைப் போட்டு எழுது. பதில் இல்லையென்றால், பேணி யாருடையது என்று அதே இடத்தில் எழுது.

பிரெஞ்சில் எழுது. யாழினி தமிழ் வாசிக்க மாட்டாள்.